சக்கரத்துக்குள் ஒரு சூளை

பீங்கான் சூளையின் கதவில் சின்னதாக ஒரு துளை இருக்கும். விருத்தாசலத்தில் பொம்மையும் ஜாடியும் ஃப்யூஸ் கேரியரும் சுட்டுப் பழகியவர்கள் அதில் கண்ணை வைத்துப் பார்த்தே உள்ளே சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார்கள். 600 டிகிரியை ஒட்டி மங்கலான சிவப்பு. அதற்கு மேலே போகப்போக ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் கண் கூசும் வெண்மஞ்சள்.

அந்த முதல் சிவப்பை இரவுநேரக் கார் பந்தயத்திலும் பார்க்கலாம். நேர்ப்பாதை முடிந்து வளைவு வரும் இடத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பார். இரண்டு மூன்று விநாடிகளுக்குச் சக்கரத்தின் உள்ளே ஒரு வட்டம் தணல் போலச் சிவந்து, காலை எடுத்ததும் கறுத்துப் போகும். அந்த வட்டம்தான் பிரேக் டிஸ்க். சூளையில் பல மணி நேரம் எரித்து ஏற்றுகிற சூட்டைச் சில சுற்றுகளிலேயே அது எட்டிவிடுகிறது.

விருத்தாசலத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றை ஒட்டிய கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகிற சாலையில் எந்தக் காரின் டிஸ்க்கும் சிவக்காது. ஊர் சமவெளி. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வரும், மாடு குறுக்கே வரும், வேகத்தடை வரும். ஒருமுறை அழுத்தி மிதித்தால் அடுத்த மிதிக்கு முன் காற்றுப் பட்டு டிஸ்க் ஆறிவிடும். அந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்த பிரேக் தாராளமாகப் போதும். ஆனால் அந்த ஊரில் வேகத்தில் ஆசையுள்ள ஒருவர், டர்போ இன்ஜின் வைத்த ஒரு ஹேட்ச்பேக்கை வாங்கி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1990இல் திறக்கப்பட்ட தடம் அது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஆறாவது ஏழாவது சுற்றில் அவர் திரும்பி வந்து, கூட வந்த மெக்கானிக்கிடம் சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "அண்ணே, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுதுண்ணே. பிரேக்கே பிடிக்கலை."

காலையில் ஊரிலிருந்து கிளம்பியபோது சரியாக இருந்த அதே பிரேக்தான். இடையில் நடந்தது என்ன?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஓட்டுநரோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் 463 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், 200 கிலோமீட்டரில் ஆறு லிட்டருக்கு மேல் கொதிக்கும். கார் நிற்க வேண்டுமென்றால் இந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அது போகிற இடம் டிஸ்க். மூன்று சொச்சம் விநாடிகளில் 100லிருந்து பூஜ்யத்துக்கு வரும் காரில், நான்கு பிரேக்குகளும் சேர்ந்து விழுங்கும் திறன் சராசரியாக 200 குதிரைத்திறன். இன்ஜினோ 110 குதிரைத்திறனை ஒட்டித்தான் இருக்கும். ஒரு காரில் மிகுந்த பலம் உள்ள உறுப்பு பிரேக்தான் என்பதைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை.

பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாயும் என்பதால் இந்தச் சூட்டில் முக்கால் பங்கை ஒட்டி முன்சக்கரங்கள் ஏற்கின்றன. முன் டிஸ்க் ஒன்று ஆறு கிலோ என்று கொண்டால், 100இலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது அதன் சூடு 50 டிகிரிக்குச் சற்று மேல் ஏறும். கருவேப்பிலங்குறிச்சிச் சாலையில் இது ஒன்றுமே இல்லை. தடத்தில் 180இலிருந்து 80க்கு இறக்கும் ஒவ்வொரு மிதிக்கும் 140 டிகிரி ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் கிடைக்கும் இருபது முப்பது விநாடிகளில் அது முழுவதும் ஆறாது. தோசைக்கல்லில் அடுத்தடுத்து வார்த்துக்கொண்டே போனால், அடுப்பைக் குறைக்காவிட்டால், ஒரு கட்டத்தில் மாவு விழுந்ததுமே கருகும். டிஸ்க்கும் அப்படித்தான் ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே வருகிற சூடும் வெளியே போகிற சூடும் எந்த வெப்பநிலையில் சமமாகின்றன என்பதே பந்தயத் தட பிரேக்கின் முழுப் பிரச்சினை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைத்துவிட வேண்டும். பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கிற, சிவப்புப் பெயிண்ட் அடித்த பெரிய கேலிப்பரும் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறைய. இப்போதுள்ள பிரேக்கை ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்றால், டயரின் பிடிப்பு எல்லையை அந்த பிரேக் ஏற்கெனவே தொட்டுவிட்டது என்று பொருள். அதற்கு மேல் எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்குமே தவிர, தூரம் குறையாது. நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை என்றால் 100இலிருந்து நிற்க சுமார் 44 மீட்டர். ஓட்டுநரின் மூளை விழித்து, கால் பெடலுக்குப் போக ஒரு விநாடி எடுத்தால் அதற்குள் 28 மீட்டர் ஓடியிருக்கும். தெருவில் ஓடும் காருக்கு முதலில் மாற்ற வேண்டியது தேய்ந்த டயரைத்தான். பெரிய பிரேக்கின் பயன் பத்தாவது மிதியில் தெரியும். முதல் மிதியில் தெரியாது.

பெடல் பஞ்சு மாதிரி ஆனதற்குக் காரணம் டிஸ்க்கும் இல்லை, கேலிப்பரும் இல்லை. பிரேக் ஆயில். பெடலை மிதிக்கும் அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரம் வரை கொண்டுபோவது இந்தத் திரவம். திரவத்தை அமுக்க முடியாது என்பதால்தான் கால் கொடுத்த அழுத்தம் அப்படியே பிஸ்டனுக்குப் போகிறது. டிஸ்க்கின் சூடு அதன்மேல் அழுந்தி உராயும் பேடுக்கும், பேடின் முதுகிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து திரவத்துக்கும் இறங்கும். திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் போயிற்று. ஆவியை அமுக்க முடியும். கால் அழுத்துவதெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் தரையைத் தொடும்.

சாதாரண காரில் ஊற்றும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ரப்பர் ஹோஸ் வழியாகக்கூடக் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே போகும். டாட் 4 என்ற தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினால் போதும் என்கிறது அதே தரவிதி. டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. கடலூர் மாவட்டத்துப் புழுக்கத்தில் மூன்று நான்கு வருடம் மாற்றாமல் ஓடிய காரில் என்ன ஆயில் இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தடத்துக்குப் போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, செலவும் குறைந்த வேலை, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுப்பது. பந்தயத்துக்கென்றே வரும் ஆயில்கள் 300 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு எச்சரிக்கை: டாட் 5 என்பது 5.1இன் தம்பி அல்ல. அது சிலிக்கோன், முற்றிலும் வேறு பொருள். மற்றதோடு கலக்கவே கூடாது.

மலைப்பாதைக்காரர்களுக்கு இது பந்தயத் தடத்துக்குப் போகாமலே தெரிந்த சங்கதி. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. கல்லட்டியில் இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே காலை வைத்து வந்த வெளியூர்க் கார்கள் பல விபத்துக்குள்ளானதால்தான் அங்கே வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தப் பாதையை அறிந்த ஓட்டுநர் இரண்டாவது கியரில் இறங்கி, சூட்டில் ஒரு பங்கை இன்ஜினிடம் தள்ளிவிடுவார்.

ஆயிலுக்கு அடுத்தது பேட். 1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், இறக்கத்தில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் அழுத்திப் பிடிப்பதைப் பார்த்து, மரக்கட்டையைவிட நல்ல உராய்வுப் பொருள் செய்ய இறங்கினார் என்று சொல்வார்கள். அவர் நிறுவனத்தின் ஃபெரோடோ என்ற பெயர், அவர் பெயரின் எழுத்துகளோடு ஓர் 'E' சேர்த்து மாற்றிப் போட்டதுதான். அன்று பருத்தித் துணியில் பிட்டுமினை ஏற்றினார். இன்று பேடின் உள்ளே எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது ஒரு பிசின், ஃபீனாலிக் ரெசின். சூடு எல்லை மீறினால் அந்தப் பிசின் சிதைந்து வாயுவை விடும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உராய்வு குறையும். இதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போகும். பேட் தோற்றால் பெடல் கல்லாக நிற்கும். காலிலேயே இந்த வித்தியாசத்தைப் படிக்கத் தெரிந்தவர் எதை மாற்றுவது என்று தடுமாற மாட்டார்.

அப்படியானால் தடத்துக்கான பேடை ஒரேயடியாகப் போட்டுவிடலாமே? இங்கேதான் தெருவும் தடமும் முட்டிக்கொள்கின்றன. பந்தய பேடின் கலவை சூடேறிய பிறகு நன்றாகக் கடிக்கும்படி செய்யப்பட்டது. விடிகாலை பனியில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கிளம்பி, முதல் வேகத்தடையில் மிதிக்கும்போது அது குளிர்ந்து கிடக்கும். கடி குறையும், கிறீச்சிடும், டிஸ்க்கைச் சுரண்டும், சக்கரம் முழுக்கக் கருந்தூளைக் கொட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற காரில் அது ஆபத்து. நேர்மையான வழி இரண்டு செட் பேட் வைத்துக்கொள்வதுதான். தடத்துக்குப் போய் மாற்றி, திரும்பும் முன் மறுபடி மாற்ற வேண்டும். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை.

புது பேடைப் பழக்கவும் வேண்டும். 80, 100 வேகத்திலிருந்து முழுக்க நிற்காமல் 20 வரை சில முறை இறக்கி, ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுவார்கள். டிஸ்க்கின் மேல் பேடின் மெல்லிய படலம் ஒரே சீராகப் படிய வேண்டும் என்பதற்காக இது. கொதிக்கிற டிஸ்க்கோடு வந்து நின்று பிரேக்கை மிதித்தபடியே இருந்தால், பேட் இருந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படியும். பிறகு ஸ்டீயரிங் நடுங்கும். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று ஒர்க்ஷாப்பில் சொல்வதில் பெரும்பகுதி வளைவே இல்லை, இந்தத் திட்டுதான். தடத்தில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வருவதும், நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுவதும் இதனால்தான்.

டிஸ்க்குக்கு வருவோம். 1902இலேயே பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். செப்பு பேட், புழுதிச் சாலை; சத்தமும் தேய்மானமும் தாங்க முடியவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து 1953இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டிரம் தன் சூட்டைத் தனக்குள்ளேயே மூடி வைத்துக்கொள்ளும்; டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கும். அந்த 1953இல்தான் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா, 1964இல் ரானே பிரேக் லைனிங், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று இந்த நகரமே பிரேக் செய்யும் ஊராகவும் ஆனது. பந்தயமும் பிரேக் தொழிலும் ஒரே நகரில் வளர்ந்தது தமிழ்நாட்டுக்கு வாய்த்த அரிய பொருத்தம்.

டிஸ்க்கின் உலோகம் சாம்பல் வார்ப்பிரும்பு. அதில் செதில் செதிலாகக் கிராஃபைட் கலந்திருப்பதால் சூட்டை நன்றாகக் கடத்தும், அதிர்வையும் விழுங்கும். முன் டிஸ்க்குகள் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வார்க்கப்படுகின்றன. சக்கரம் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரத்தில் தள்ளும் விசிறி அது. முன் பம்பரிலிருந்து ஒரு குழாயை டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோய்விட்டால், மிகக் குறைந்த செலவில் சூடு நன்றாகக் குறையும். பார்க்க அழகாகத் துளை போட்ட டிஸ்க்கைத் தடத்துக்கு வாங்க வேண்டாம். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கும்போது துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். கோடு கீறிய டிஸ்க் அதைவிட நீடிக்கும்.

பின்னால் டிரம்மை எடுத்து டிஸ்க் போடும் ஆசையும் பலருக்கு உண்டு. முன்சக்கரமே முக்கால் வேலை பார்க்கும் சின்னக் காரில் அதன் பலன் சொற்பம். முன்னும் பின்னும் உள்ள பிரேக் பங்கீடு குலைந்தாலோ, பின்சக்கரம் முதலில் பூட்டி, வண்டியின் வால் முன்னே வந்துவிடும். முன்னால் மட்டும் மிகப் பெரிய கேலிப்பர் போட்டால் பின் பிரேக் சும்மா கிடந்து, நிற்கும் தூரம் கூடுவதும் நடக்கும். சட்டமும் இருக்கிறது: தயாரிப்பாளர் தந்த வடிவிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆயிலும் பேடும் பராமரிப்பு. அச்சு வரை அறுத்து மாற்றுவது வேறு கதை.

இனி, பீங்கான் நகரத்துக்காரர் காத்திருந்த கேள்வி: செராமிக் பிரேக் என்கிறார்களே, அது என்ன?

ஒரே சொல்லில் மூன்று பொருள்கள் சிக்கிக் கிடக்கின்றன. விருத்தாசலத்தில் சுடுவது களிமண்ணிலிருந்து வருகிற பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண்ணும் அதில் சேரும். கடையில் விற்கும் "செராமிக் பேட்" என்பது பிசினில் பீங்கான் இழைகளும் பொடிகளும் கலந்தது. சத்தம் குறைவு, தூள் குறைவு, தெருவுக்கு மிக நல்லது. பெயரை நம்பித் தடத்துக்குக் கொண்டுபோனால் ஏமாற்றும். மூன்றாவதுதான் கார்பன் செராமிக் டிஸ்க்.

அதைச் செய்யும் விதத்தை விருத்தாசலத்துக்காரர் உடனே புரிந்துகொள்வார். நறுக்கிய கார்பன் இழையைப் பிசினோடு பிசைந்து அச்சில் அழுத்துவார்கள். காற்றுப் படாமல் 900 டிகிரி அளவில் சுட்டால் பிசின் கரியாகி, உடம்பெங்கும் நுண்துளைகள் விழும். பிறகு 1414 டிகிரியில் உருகும் சிலிக்கானை, அதற்கும் மேலான சூட்டில், வெற்றிடச் சூளையில் அதன்மேல் விடுவார்கள். அகல் விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, உருகிய சிலிக்கானை அந்தத் துளைகள் தாமாகவே உறிஞ்சிக்கொள்ளும். கரியும் சிலிக்கானும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகும். பீங்கான் சூளைகளில் பாண்டம் அடுக்கும் பலகைகள் செய்யப் பயன்படும் அதே பொருள். சூடான பீங்கான் கோப்பையில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். சிலிக்கான் கார்பைடு சூட்டை வேகமாகக் கடத்துவதாலும் குறைவாக விரிவதாலும் தாங்கும். உள்ளே ஓடும் கார்பன் இழை விரிசலைப் பிடித்து நிறுத்தும்.

இரும்பு டிஸ்க்கில் பாதி எடைதான். போர்ஷே 2001இல் தன் 911 ஜிடி2 காரில் இதை வைத்தே விற்றது. ஃபெராரி என்ஸோ 2002இல் தொடர்ந்தது. இதற்கு முன்னோடி 1976இல் பிராபம் அணி ஃபார்முலா 1 காரில் பரிசோதித்த கார்பன் டிஸ்க். அது முழுக்கக் கார்பன், செய்து முடிக்கவே பல மாதமாகும், குளிர்ந்திருந்தால் சரியாகப் பிடிக்காது. விமானத்துக்கும் பந்தயத்துக்கும் ஆகும், தெருவுக்கு ஆகாது. 2005இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டி முதல் இந்திய ஃபார்முலா 1 ஓட்டுநரானபோது அவர் காலடியில் இருந்ததும் அந்தக் கார்பன்தான்.

அப்படியென்றால் தடத்துக்குக் கார்பன் செராமிக்தான் சிறந்ததா? 2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. ஓடியது போர்ஷே 911 ஜிடி3 கப். அதே குடும்பத்துத் தெருக் காருக்குக் காசு கொடுத்தால் 410 மில்லிமீட்டர் செராமிக் டிஸ்க் கிடைக்கும். பந்தயத்துக்கென்றே செய்த கப் காரிலோ 380 மில்லிமீட்டர் இரும்பு டிஸ்க். கார்பன் காற்றுப்பட்டு மிகுந்த சூட்டில் மெல்ல எரியும். அதனால் செராமிக் டிஸ்க்கின் ஆயுளை அதன் தடிமனைவிட எடையை வைத்தே கணக்கிடுகிறார்கள். தேய்ந்தால் மாற்றப் பல லட்சம். இரும்பு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று பூட்டலாம். தெருவில் செராமிக், தடத்தில் இரும்பு என்று காருக்குச் சொந்தக்காரர்களே மாற்றிக்கொள்வதும் இதனால்தான்.

நம் கருவேப்பிலங்குறிச்சிக்காரருக்கு இவ்வளவும் வேண்டாம். நல்ல டயர், புது ஆயில், தடத்துக்கென்று ஒரு செட் பேட், சூட்டில் உப்பாத ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ், காற்றுக்குழாய். அதன் பிறகும் சூடு மீறினால்தான் பெரிய டிஸ்க்.

சூடு மீறியதா என்பதைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. பீங்கான் சூளையில் சேகர் கூம்பு என்று ஒன்று வைப்பார்கள். 1886இல் பெர்லினில் ஹெர்மன் சேகர் வகுத்தது. மண் கலவையில் செய்த சுண்டுவிரல் அளவுக் கூம்பு. குறித்த சூடு வந்ததும் இளகி, தலை கவிழும். பந்தயக்காரர்கள் அதற்கு நிகராக டிஸ்க்கின் விளிம்பில் மூன்று கோடு பெயிண்ட் பூசுகிறார்கள். பச்சைக் கோடு 430 டிகிரியில் வெளுக்கும். ஆரஞ்சு 560இல் மஞ்சளாகும். சிவப்பு 610இல் வெளுக்கும்.

இவற்றோடு அவர் மறுபடி தடத்துக்குப் போகிற நாளில், மாலையில் தடம் மூடிய பிறகு, மெக்கானிக் ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றுகிறார். டிஸ்க்கின் ஓரத்தில் பச்சை இருந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கிறது. 430ஐத் தாண்டியிருக்கிறது, 560ஐத் தொடவில்லை. "டிஸ்க் இதே போதும் தம்பி" என்கிறார் அவர். தடத்து பேடை உருவி எடுத்துத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்து, தெரு பேடைப் பூட்டி, பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்கிவிட்டு, கார் விருத்தாசலம் பக்கம் திரும்புகிறது.